கனெக்டர்களின் தலபுராணம்

கோஆக்சியல் கேபிளின் முனையில் அழுத்தித் திருப்பிப் பூட்டுகிற சின்ன உலோகத் தலைக்கு பிஎன்சி என்று பெயர். சிசிடிவி கேமரா மாட்டுகிற பையனிலிருந்து ஆசிலாஸ்கோப்போடு மல்லுக்கட்டும் பேராசிரியர் வரை எல்லாருக்கும் அந்தப் பெயர் பழக்கம். அந்த மூன்று எழுத்தை விரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டுப்பாருங்கள், அப்போதுதான் வேடிக்கை தொடங்கும். ஆங்கிலேயக் கடற்படை கண்டுபிடித்தது, ஆகவே 'பிரிட்டிஷ் நேவல் கனெக்டர்' என்பார் ஒருவர். 'பேபி என் கனெக்டர்' என்பார் இன்னொருவர். என் வகை கனெக்டரின் குட்டியாம் இது. 'பயனெட் நட் கனெக்டர்' என்று சாதிப்பவர்கள் உண்டு. 'பயனெட் நேவி கனெக்டர்' என்று பாதிக் கடற்படையை மட்டும் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. ஒவ்வொரு விரிவும் எழுத்துக்கு எழுத்து கச்சிதமாகப் பொருந்தும். சொல்கிறவர் குரலில் துளி ஐயமும் இருக்காது.

நம் ஊர்ப்பெயர்களுக்குத் தலபுராணங்கள் காரணம் சொன்ன விதமும் இதுதான். பெயரின் பழைய பொருள் மறந்துபோகும், பெயர் மட்டும் வாயில் தங்கிவிடும். காரணமில்லாத பெயரை மனம் பொறுக்காது. ஒரு முனிவரையோ அசுரனையோ அழைத்து வந்து காரணம் சொல்லிவிடும். கனெக்டர்களின் தலபுராணத்தில் முனிவர் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் கடற்படை நிற்கிறது.

இந்தப் பெயர்க்கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பொய்யான கதைகளுக்கெல்லாம் பொதுவான குறை ஒன்று தென்படும். அவை பெயரைத் தனியே பிய்த்து எடுத்துப் படிக்கின்றன. ஆனால் கனெக்டர் எதுவும் தனியாகப் பிறப்பதில்லை. ஏதோ ஒரு நிறுவனத்தின் கேட்டலாக்கில், அண்ணன் தம்பி அக்காள் தங்கையோடுதான் பிறக்கிறது. பெயரில் உள்ள எழுத்துகள் அந்த உடன்பிறப்புகளிடமிருந்து அதைப் பிரித்துக் காட்ட வைத்தவை. ஆகவே ஒரு கதையைச் சோதிக்க எளிய வழி, அதன் குடும்பத்தைப் பக்கத்தில் நிறுத்துவது. கதை அந்தக் குடும்பம் முழுவதற்கும் செல்லவில்லை என்றால் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

பிஎன்சியை இந்தச் சோதனைக்கு உட்படுத்துவோம். பெல் ஆய்வகத்தில் இருந்த பால் நீல் 1940களில் உருவாக்கியது திருகுமரை கொண்ட 'என்' வகை கனெக்டர். அவர் பெயரின் முதலெழுத்தே அதன் பெயர். ஆம்ஃபினால் நிறுவனத்தின் கார்ல் கான்செல்மன் பெயரால் வழங்குவது 'சி' வகை. அதில் திருகு கிடையாது, பயனெட் பூட்டு. துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகித் திருப்பிப் பூட்டும் முறைக்குத்தான் பயனெட் என்று பெயர். நம் வீட்டில் குண்டு பல்பை ஹோல்டருக்குள் அழுத்தித் திருப்புகிறோமே, அதே முறை. இந்த இருவர் பெயரையும் பூட்டின் பெயரையும் சேர்த்தால் 'பயனெட் நீல் கான்செல்மன்', அதாவது பிஎன்சி.

இத்தோடு நிறுத்தினால் இதுவும் மற்றுமொரு அழகான விரிவு, அவ்வளவுதான். எழுத்துக்குப் பொருந்துவதை மட்டும் வைத்து இதை நம்பினால் பிரிட்டிஷ் கடற்படையையும் நம்ப வேண்டியிருக்கும். குடும்பம்தான் இங்கே சாட்சி. பிஎன்சியின் பயனெட் பூட்டை எடுத்துவிட்டுத் திருகுமரை வைத்த வடிவத்துக்கு டிஎன்சி என்று பெயர். பூட்டைக் குறித்த 'பி' போய், திருகைக் குறிக்கும் 'டி' வந்திருக்கிறது. பின்னால் உள்ள இரண்டு எழுத்தும் அசையவில்லை. அதோடு 'என்' என்றே ஒரு கனெக்டரும் 'சி' என்றே ஒரு கனெக்டரும் கடையில் தனித்தனியே கிடைக்கின்றன. முதல் எழுத்து 'பிரிட்டிஷ்' என்றால் டிஎன்சியின் 'டி' எந்த நாட்டைச் சேர்ந்தது? கடைசி எழுத்து வெறும் 'கனெக்டர்' என்றால், 'சி' கனெக்டரை 'கனெக்டர் கனெக்டர்' என்றா அழைத்தார்கள்? 'பேபி என்' கதை மட்டும் பாதி வழி வரை வரும், ஏனென்றால் பிஎன்சி உண்மையிலேயே என் வகையைவிடச் சிறியது. டிஎன்சி வந்ததும் அதுவும் நின்றுவிடுகிறது.

பிறகு ஏன் கடற்படைக்கு இவ்வளவு செல்வாக்கு? காற்றிலிருந்து வந்த கற்பனை அல்ல அது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்கு வாங்கிய மின்னணு உதிரிபாகங்களுக்கு 'ஜேஏஎன்' என்ற முத்திரை இருந்தது. தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து வகுத்த தர விதிகளைக் குறிப்பது அது. அதில் வரும் 'என்' நிஜமாகவே நேவிதான். ரேடார் என்ற சொல்லும் அந்தக் கடற்படை 1940இல் கொடுத்த சுருக்கப்பெயர்தான். எழுத்துக்கு ஒரு சொல் ஒளிந்திருக்கும் என்று ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் பழகிக்கொண்டதற்கு அந்தப் போர் காரணம். போருக்குப் பின் ராணுவத்தின் உபரிச் சாமான்கள் கடைகளில் குவிந்தபோது, மூன்றெழுத்துப் பெயர் என்றாலே படைகளின் பெயர் என்று தோன்றியது இயல்பே. ஒரு பொய்க்கதை நெடுநாள் வாழ வேண்டுமென்றால் அதில் இந்த அளவு மெய்வாடை இருந்தே ஆக வேண்டும்.

சரியான விடை என்று சொன்னதிலும் ஒரு நெருடல் உண்டு. இந்த வகைக் கனெக்டருக்கான அமெரிக்கக் காப்புரிமை எண் 2540012. அதற்கு 1945இல் விண்ணப்பித்து 1951இல் பெற்றவர் ஆக்டேவியோ சலாட்டி. ஹேசல்டைன் நிறுவனத்துக்காக வேலை செய்தவர். நீலும் கான்செல்மனும் எழுத்துகளில் நிலைத்துவிட்டார்கள். சலாட்டிக்கு ஓர் எழுத்துகூடக் கிடைக்கவில்லை. ஆக, கட்டுக்கதையை விலக்கிச் சரியான விரிவைக் கண்டுபிடித்துவிட்டாலும் கண்டுபிடித்தவரைக் கண்டுபிடித்துவிட்டதாக ஆகாது. பெயர் சொல்லும் வரலாறு ஒன்று, காப்புரிமை அலுவலகத்தின் கோப்பு சொல்லும் வரலாறு வேறொன்று.

எக்ஸ்எல்ஆர் கதை இதைவிடச் சுவையானது. மேடையில் மைக்கின் அடியில் செருகும் மூன்று பின் கனெக்டர் அது. அதற்கு உலகெங்கும் வழங்கும் விரிவு: 'எக்ஸ்டர்னல், லைவ், ரிட்டர்ன்'. முதல் பின் வெளிக்கவசம், இரண்டாவது லைவ், மூன்றாவது ரிட்டர்ன். ஒலிப்பொறியியல் கற்கிற மாணவர்கள் மனப்பாடம் செய்ய இதைவிட வசதியான ஒன்று கிடைக்காது. 'லெஃப்ட், ரைட்' என்று விரிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே ஒரு மைக்கின் ஒரே ஒரு குரலைத் தாங்கிப் போகிற கேபிளில் இடமும் வலமும் எங்கிருந்து வந்தன என்று அவர்கள் யோசிப்பதில்லை.

உண்மையில் இந்தப் பெயர் ஒரே நாளில் வைத்ததில்லை, படிப்படியாக வளர்ந்தது. ஜேம்ஸ் கேனன் என்பவர் 1915இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய கேனன் எலக்ட்ரிக் நிறுவனம் பல எழுத்து வரிசைகளில் கனெக்டர்களை விற்றது. அவற்றில் ஒன்று 'எக்ஸ்' வரிசை. இழுத்தால் கழன்றுவிடாமல் இருக்க அதில் ஒரு கொக்கியைச் சேர்த்தார்கள், ஆங்கிலத்தில் லாட்ச். அதனால் 'எக்ஸ்எல்'. பிறகு 1950களில் பெண் முனையின் உலோகத் துளைகளைச் சுற்றி ரப்பரை வைத்தார்கள். அதனால் 'எக்ஸ்எல்ஆர்'. இதோடும் கதை முடியவில்லை. ரப்பருக்குப் பதில் கெட்டியான பிளாஸ்டிக் வைத்து 'எக்ஸ்எல்பி' என்றும் ஒரு வரிசை வந்தது. வேடிக்கை என்னவென்றால், இன்று உலகில் விற்கும் எக்ஸ்எல்ஆர்களில் பெரும்பாலானவற்றில் ரப்பர் கிடையாது, பிளாஸ்டிக்தான். பொருளின்படி அவை எக்ஸ்எல்பிக்கள். ரப்பர் போய்விட்டது, ரப்பரைக் குறித்த எழுத்து மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

குடும்பச் சோதனையில் 'எக்ஸ்டர்னல், லைவ், ரிட்டர்ன்' நிற்காது என்று இப்போது தெரிகிறது. ரிட்டர்ன் இல்லாத 'எக்ஸ்எல்' எப்படி வேலை செய்திருக்கும்? ஆனால் இதைவிட வலுவான சாட்சியம் வேறு பக்கத்தில் இருக்கிறது. மூன்று பின்களில் இரண்டாவது லைவா, மூன்றாவது லைவா என்பதில் ஒலித்துறையில் நெடுங்காலம் ஒற்றுமையே இல்லை. பல அமெரிக்க, ஜப்பானியக் கருவிகள் மூன்றாவது பின்னை லைவாக வைத்தன. இரண்டு முறைகளும் ஒரே மேடையில் கலந்தால் ஒரு மைக்கின் ஒலி தலைகீழாகிவிடும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மைக்குகள் ஒன்றையொன்று தின்று, மத்தளத்தின் கனம் காணாமல் போகும். ஒலிப்பொறியியல் சங்கமான ஏஇஎஸ் 1992இல் ஒரு தரவிதி வெளியிட்டு, இரண்டாவது பின்னே லைவ் என்று முடிவுகட்டியது. பெயரிலேயே முதலில் கவசம், அடுத்து லைவ், கடைசியில் ரிட்டர்ன் என்று எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காதே! விரிவு பிறந்தது வயரிங் பழக்கத்திலிருந்து. வயரிங் அந்த விரிவிலிருந்து பிறக்கவில்லை.

இருந்தாலும் இந்தப் பொய் விரிவை நான் முழுக்கப் பழிக்க மாட்டேன். பாதி இருட்டில், கச்சேரி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, சால்டரிங் அயர்னைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பின்னுக்கு எந்த வயர் என்று குழம்புகிறவருக்கு ஜேம்ஸ் கேனனின் வரலாறு உதவாது. 'எக்ஸ்டர்னல், லைவ், ரிட்டர்ன்' உதவும். வரலாறாகப் பார்த்தால் பொய், வாய்பாடாகப் பார்த்தால் சரி. அதனால்தான் அது சாகாது.

நம் ஊர் மைக்செட்காரர்கள் இந்தக் கனெக்டரை 'கேனன்' என்கிறார்கள். எழுத்தை விரித்துப் புராணம் சொல்கிற படித்தவர்களைவிட அவர்கள் வாயில் உண்மை அதிகம் இருக்கிறது. என்ன, தமிழில் எழுதினால் கேமரா நிறுவனமும் இதுவும் ஒன்றுபோலவே தெரியும். ஆங்கிலத்தில் இதே எழுத்துகளுக்குப் பீரங்கி என்றும் பொருள் இருக்கிறது. பருமனும் பளபளப்புமான அந்த உருண்டைக் குழாயைப் பார்த்து நாளை ஒருவர் பீரங்கிக் கதை சொன்னால் வியப்பதற்கில்லை.

அதே கேனன் நிறுவனம் விட்டுச்சென்ற இன்னொரு குழப்பம் 'டிபி'. பழைய கம்ப்யூட்டர்களின் பின்புறத்தில் மோடம், மவுஸ், பிரிண்டர் எல்லாம் செருகிய கனெக்டர்கள் நினைவிருக்கும். ஒருபக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய உலோகச் சட்டம், அதற்குள் வரிசையாகப் பின்கள். 1952இல் கேனன் அறிமுகப்படுத்திய டி-சப்மினியேச்சர் வரிசை இது. சட்டம் ஆங்கில 'டி' எழுத்துப்போல் இருப்பதால் முதல் எழுத்து 'டி'. இரண்டாவது எழுத்து சட்டத்தின் அளவைக் குறிக்கும். 'ஏ' அளவில் 15 பின், 'பி' அளவில் 25, 'சி' அளவில் 37, 'டி' அளவில் 50, 'இ' அளவில் 9. ஆகவே 25 பின் உள்ளது டிபி-25. 9 பின் உள்ளது டிஇ-9.

ஆனால் டிஇ-9 என்று கடையில் கேட்டால் விழிப்பார்கள். எல்லாருக்கும் அது டிபி-9தான். ஐபிஎம்மின் 1981ஆம் ஆண்டு பிசியில் சீரியல் போர்ட்டும் பிரிண்டர் போர்ட்டும் 25 பின் கனெக்டர்களாகவே இருந்தன. மேசைக் கம்ப்யூட்டரோடு வளர்ந்த தலைமுறை முதலில் பார்த்ததும் முதலில் கற்ற பெயரும் டிபி-25. 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கம்ப்யூட்டர் சீரியல் போர்ட்டுக்கு 9 பின் கனெக்டரை வைத்தது. 'டிபி' என்பது அந்த வகைக்கே பெயர், பின்னால் வருவது பின்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டு, 25ஐ நீக்கி 9ஐப் போட்டார்கள். தர்க்கம் குற்றமற்றது. அளவுக்கு ஓர் எழுத்து இருக்கிறது என்ற ஒரே ஒரு செய்திதான் அவர்களை எட்டவில்லை. 'டிபி' என்றால் 'டேட்டா பஸ்' என்ற விரிவு அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. குடும்பத்தை அழைத்துப் பாருங்கள்: டிஏ, டிசி, டிடி, டிஇ என்று நான்கு பேர் வந்து நிற்பார்கள். அவர்களில் யாருக்கும் பஸ் கிடையாது.

9 பின் விஷயத்தில் தவறான பெயரால் தொல்லை ஏதுமில்லை. டிபி-9 கேட்டால் சரியான பொருளைத்தான் கொடுப்பார்கள். 15 பின்னில்தான் வினை. ஜாய்ஸ்டிக் செருகும் இரண்டு வரிசைக் கனெக்டரின் பெயர் டிஏ-15. 1987இல் ஐபிஎம்மின் விஜிஏவோடு வந்தது 9 பின் சட்டத்துக்குள்ளேயே மூன்று வரிசையாக 15 பின்னை நெருக்கிவைத்த டிஇ-15. இரண்டையும் டிபி-15 என்றே சொல்லிவிட்டால் எதை வாங்கிவருவது? பெயரில் இருந்த ஓர் எழுத்தைத் தொலைத்ததற்கான கூலி அங்கே கைமேல் கிடைக்கிறது. அந்த வரிசையின் முழுப்பெயரையும் ஒருமுறை கவனியுங்கள்: 'சப்மினியேச்சர்', சிறியதிலும் சிறியது. இன்றைய போனுக்குப் பக்கத்தில் ஒரு டிபி-25ஐ வைத்துப் பார்த்தால் 1952இல் எதைப் பெரியது என்று நினைத்திருப்பார்கள் என்று யோசிக்கத் தோன்றும்.

காலம் இப்படிக் கேலிசெய்த பெயர் இன்னொன்றும் உண்டு. அமெச்சூர் வானொலிக்காரர்கள் பிஎல்-259 என்று அழைக்கும் பிளக்கின் பொதுப்பெயர் 'யுஎச்எஃப் கனெக்டர்'. ஆம்ஃபினாலின் குவாக்கன்புஷ் 1930களில் வடிவமைத்தது. இன்றைய வரையறைப்படி யுஎச்எஃப் என்றால் 300 முதல் 3000 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த உயரத்தில் இந்தக் கனெக்டர் சரியாக வேலை செய்யாது. பெயரை நம்பி வாங்கியவர்கள் ஏமாற்று வேலை என்று திட்டுவதுண்டு. ஏமாற்று எதுவும் இல்லை. 1930களில் 30 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினாலே அது யுஎச்எஃப். கனெக்டர் நின்ற இடத்திலேயே நிற்கிறது, அளவுகோல்தான் மேலே ஏறிப்போய்விட்டது.

ஒரு நிறுவனம் தன் பெயருக்கே பல விரிவுகள் கண்ட விந்தை ஜெர்மனியில் நடந்தது. பழைய டேப் ரெக்கார்டர்களிலும் இன்றும் கீபோர்டுகளின் மிடி இணைப்பிலும் உள்ள வட்டமான 5 பின் கனெக்டரை டின் என்கிறோம். ஜெர்மனியின் தரநிர்ணய அமைப்பின் பெயர் அது. 1917இல் அமைப்பு தொடங்கிய காலத்தில் 'டின்' என்றால் ஜெர்மானியத் தொழில்துறை விதி. தொழில்துறையைத் தாண்டி எல்லாவற்றுக்கும் விதி வகுக்கத் தொடங்கியபோது அந்த விரிவு இடித்தது. 'தாஸ் இஸ்ட் நோர்ம்', அதாவது 'இதுவே விதி' என்று மூன்று எழுத்தையும் வைத்து ஒரு வாக்கியமே செய்துவிட்டார்கள். 1975இலிருந்து 'டாய்ச்சஸ் இன்ஸ்டிட்யூட் ஃபூர் நோர்முங்', ஜெர்மன் தரநிர்ணய நிறுவனம். எழுத்து மாறாமல் விரிவு மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பொய் விரிவு கட்டுவது பாமரர்களின் பழக்கம் என்று சொல்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். தன் பெயரைத் தானே மறுபடி விரித்துக்கொள்வதை ஓர் அதிகாரபூர்வ அமைப்பே செய்யுமென்றால், ரேடியோ ரிப்பேர்க்காரர் செய்தால் என்ன குறை?

எழுத்துச் சுருக்கமே இல்லாத பழைய பெயர்களிலும் தடுமாற்றங்கள் இருக்கின்றன. ஜாக் என்ற சொல்லை ஆங்கிலத்தின் ஆண்பெயர் என்று எண்ணி, ஆண் முனையைத்தான் குறிக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே அது பெண் முனைக்கு, செருகப்படும் துளைக்குத்தான் பெயர். சிகாகோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த சார்லஸ் ஸ்கிரிப்னர், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக 1870களின் இறுதியில் செய்த சுவிட்ச் மடக்குக்கத்தியைப்போல் இருந்தது. மடக்குக்கத்தியை ஆங்கிலத்தில் ஜாக்-நைஃப் என்பார்கள். கத்தி மறைந்து ஜாக் மட்டும் மிஞ்சியது. தமிழ்நாட்டுக் கடைகளில் பிளக்கும் ஜாக்தான், துளையும் ஜாக்தான். ஆண் பெண் வேறுபாட்டை 'மேல்', 'ஃபீமேல்' என்று தனியாகச் சொல்லிக்கொள்கிறோம்.

டெலிபோன் லைனின் இரண்டு வயர்களுக்கு 'டிப்', 'ரிங்' என்று பெயர். மணி அடிக்கும் மின்சாரம் ரிங் வயரில் வருகிறது, அதனால் அந்தப் பெயர் என்று பாடம் எடுத்தவர்கள் ஏராளம். மணிக்கும் பெயருக்கும் உறவே இல்லை. எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் செருகிய பிளக்கின் நுனி 'டிப்', நுனிக்குக் கீழே உள்ள உலோக வளையம் 'ரிங்', அதற்கும் கீழே நீண்ட பகுதி 'ஸ்லீவ்'. இன்றைய ஹெட்போன் பின்னைக் கையில் எடுத்துப் பார்த்தாலே விடை கிடைக்கும்: கறுப்புக் கோடுகள் பிரிக்கும் அந்தப் பகுதிகள்தான் இவை. இங்கேயும் நுனியும் ஸ்லீவும் பக்கத்தில் நின்றால் மணிக்கதை கரைந்துவிடுகிறது.

இனி, விரிவுக்கே வேலையில்லாத பெயர்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று டிவிடி பிளேயரின் பின்னால் செருகிய வயருக்கு நம் வீடுகளில் ஏவி வயர், கடையில் ஆர்சிஏ. கிராமஃபோனை ரேடியோப் பெட்டியோடு இணைக்க அமெரிக்க ரேடியோ கார்ப்பரேஷன் பயன்படுத்தியதால் அந்தப் பெயர். அதே பொருளை ஜெர்மானியர்கள் சின்ச் என்கிறார்கள். அதைச் செய்த சிகாகோ நிறுவனம் ஒன்றின் பெயர் அது. யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயரை ஊர் வைத்துக்கொள்கிறது. அதே வழியில், 36 பின் பிரிண்டர் கனெக்டரைச் செய்தது ஆம்ஃபினால், பெயரைத் தட்டிச்சென்றது பிரிண்டர் விற்ற சென்ட்ரானிக்ஸ். வாங் ஆய்வகத்தில் விற்காமல் தேங்கிக் கிடந்த கனெக்டர் சரக்கைத் தீர்க்கத்தான் அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. தொழில்நுட்பத் தேர்வுகளின் பின்னால் கிடங்குக் கணக்கு இருப்பது புதிதல்ல என்பதால் அந்தக் கதை எனக்குப் பிடிக்கும்; பிடிக்கிறது என்பதற்காகவே அதைக் கொஞ்சம் எட்ட நிறுத்துகிறேன்.

ஆம்ஃபினால் என்ற பெயரைப் பார்த்தால் நிறுவனரின் பெயர்போல் தெரியும். 'அமெரிக்கன் ஃபினாலிக்' என்பதன் சுருக்கம் அது. ஃபினாலிக் என்பது மின்காப்பாகப் பயன்படும் ஒருவகை பிளாஸ்டிக். மோலெக்ஸும் ஒரு பிளாஸ்டிக்கின் பெயர்தான். 1938இல் ஃபிரெடரிக் கிரேபீல் என்ற அமெரிக்கர் நிலக்கரித் தார், ஆஸ்பெஸ்டாஸ், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றைக் கலந்து செய்த பொருளுக்கு அந்தப் பெயரை வைத்தார். முதலில் அதிலிருந்து பூந்தொட்டிகள் செய்தார்கள். மின்சாரத்தைக் கடத்தாத குணம் பிறகு கனெக்டர்களுக்கு இட்டுச்சென்றது. இன்று கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர்கள் 'மோலெக்ஸ்' என்று சொல்லும் நான்கு பின் ஹார்டு டிஸ்க் பவர் கனெக்டரோ ஏஎம்பி நிறுவனத்தின் மேட்-என்-லாக் வடிவமைப்பு. மோலெக்ஸும் அதற்கு இணையான ஒன்றைச் செய்து விற்றது. பெயரும் அதன் பக்கமே சாய்ந்துவிட்டது.

நெட்வொர்க் கேபிளின் முனையில் உள்ள ஆர்ஜே45 இந்த வரிசையின் உச்சம். 'ரெஜிஸ்டர்டு ஜாக்' என்ற விரிவு முழுக்க உண்மை, பொருளுக்குத்தான் பொருந்தவில்லை. அமெரிக்க டெலிபோன் விதிகளில் ஆர்ஜே எண் வெறும் வடிவத்தைக் குறிப்பதல்ல. எந்த வயர் எங்கே போகும் என்ற இணைப்பு முறையையும் சேர்த்துக் குறிப்பது. அதில் இருந்த ஆர்ஜே45 மோடத்துக்கானது. பக்கவாட்டில் ஒரு மேடும் உள்ளே ஒரு ரெசிஸ்டரும் கொண்டது. நாம் அலுவலகத்தில் செருகுவது அந்த மேடும் ரெசிஸ்டரும் இல்லாத எட்டு இட, எட்டு முனை கனெக்டர். கேட்டலாக்குகளில் இதற்கு 8பி8சி என்று பெயர். அந்தப் பெயரில் கேட்டு வாங்கிவர முயல்கிறவருக்கு என் அனுதாபங்கள்.

நம் நாட்டுக் கடைகளுக்கும் இதில் தனி வரலாறு இருக்கிறது. உலகெங்கும் எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்காளர்கள் மெல்லிய ஜம்பர் வயர்களின் முனையை 'டுபான்ட்' என்கிறார்கள். ரசாயனப் பெருநிறுவனமான டுபான்டுக்கும் கனெக்டருக்கும் என்ன தொடர்பு? அந்த வகை கனெக்டர்களைச் செய்த பெர்க் எலக்ட்ரானிக்ஸை டுபான்ட் 1972இல் வாங்கியது. சுமார் இருபது ஆண்டுகள் வைத்திருந்து விற்றுவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. இந்த வயரைச் செருகும் பின் வரிசைக்குச் சென்னை ரிச்சி தெருவிலும் கோவைக் கடைகளிலும் நம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களிலும் என்ன பெயர்? 'பெர்க் ஸ்ட்ரிப்'. பெர்க்ஸ்டிக் என்ற பெயரில் அதை விற்ற நிறுவனத்தின் நினைவு இங்கே கலப்படமில்லாமல் இருக்கிறது. வாங்கி விற்றவனின் பெயரை உலகம் வைத்துக்கொண்டது. முதலில் செய்தவனின் பெயரை ரிச்சி தெரு வைத்துக்கொண்டது. இந்தியக் கடைகளின் பேச்சைப் பிழை என்று சிரிப்பவர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டுக்குப் பிறகு கொஞ்சம் அடக்கமாக இருக்கலாம்.

இதே கடைகளில் இன்னும் சில பெயர்கள் புழங்குகின்றன. தட்டை ரிப்பன் கேபிளின் கனெக்டருக்கு எஃப்ஆர்சி. அது ஆங்கிலச் சொற்களின் நேரான சுருக்கம், சிக்கல் இல்லை. வெள்ளை பிளாஸ்டிக்கில் வயரோடு வரும் சின்னக் கனெக்டருக்கு ரெலிமேட். ஆம்ப்ளிஃபயரில் செருகும் பெரிய ஜாக்குக்கு பி-38, போனில் செருகும் சின்ன ஜாக்குக்கு இபி. வெளிநாட்டுக் கேட்டலாக்கில் பி-38 என்று தேடினால் பழைய போர் விமானம்தான் அகப்படும். பெயர்க்கதை முளைப்பதற்கு இதைவிட நல்ல விதை வேண்டியதில்லை: எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர், ராணுவ வாடை, கேட்டால் உடனே காட்ட ஒரு விமானம். விமானிகளின் ஹெட்போன் ஜாக் என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், பத்தாண்டில் அது பாடப்புத்தகத்தில் இருக்கும்.

அதற்குள் ஒரு வேலை செய்யலாம். 1970களிலும் 80களிலும் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர்கள், உதிரிபாகம் விற்றவர்கள், மைக்செட் நடத்தியவர்கள் பலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பரணில் அந்தக் காலக் கேட்டலாக்குகளும் விலைப்பட்டியல்களும் பில் புத்தகங்களும் தூசியோடு கிடக்கும். பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடும் முன் ஒருமுறை புரட்டிப்பாருங்கள். பி-38, இபி, ரெலிமேட் என்று அச்சிட்ட பக்கம் எதுவாவது கண்ணில் பட்டால் நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் தெரிகிறமாதிரி படமெடுத்து வையுங்கள். அதே பக்கத்தில் மேலும் கீழும் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்பதும் படத்தில் விழட்டும்.